பொக்கே ரோஜாக் காம்பு வேர் விடுமா?

போன தை மாதம் பெரம்பூரில் என் சித்தி மகளுக்குக் கல்யாண ரிசப்ஷன். இரவு பதினொரு மணிக்கு மேல் மேடை அலங்காரத்தைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். பச்சை ஸ்பாஞ்சில் குத்தியிருந்த சிவப்பு ரோஜாக்கள் அப்படியே கோணிப்பைக்குள் போய்க்கொண்டிருந்தன. எனக்கு மனசு கேட்கவில்லை. "தம்பி, கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?" என்றேன். "தாராளமா எடுத்துக்கோங்க அக்கா, எப்படியும் தூக்கித்தான் போடப் போறோம்" என்று ஒரு கை நிறைய அள்ளிக் கொடுத்தான் அந்தப் பையன்.

மறுநாள் காலை வாளியில் நின்ற காம்புகளைப் பார்த்ததும் பெரியம்மா சொன்னார்: "இதெல்லாம் வேர் விடாதுடி. முருங்கைப் போத்தா என்ன, நட்டதும் தழையறதுக்கு?"

பெரியம்மா சொன்னது முக்கால்வாசி சரி. எண்ணி வைத்த 24 காம்புகளில் வேர் விட்டவை 3. அந்த மூன்றில் இன்றைக்கு மாடியில் நிற்பது ஒன்று. ஆனால் அதே மாதம் எதிர்வீட்டுப் பன்னீர் ரோஜாவில் கவாத்து செய்தபோது கிடைத்த 10 குச்சிகளில் 7 பிழைத்தன. கை அதே கை, மண் அதே மண், தண்ணீரும் அதேதான். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டால், காம்பிலிருந்து ரோஜாச் செடி வளர்ப்பதில் பாதி வேலை முடிந்த மாதிரி.

வெட்டிய காம்புக்குள் என்ன நடக்கிறது?

செடியிலிருந்து வெட்டியதும் குச்சி செத்துப்போவதில்லை. அது உயிரோடுதான் இருக்கிறது. வேர் மட்டும்தான் இல்லை. ரோஜாக் குச்சியின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். அடியில் பச்சையாக, ஈரமாக வழுவழுப்பாக இருக்கும். பட்டைக்கும் உள்ளே இருக்கும் மரப்பகுதிக்கும் நடுவில் காம்பியம் என்ற மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. அங்கே இருக்கும் செல்கள் திரும்பத் திரும்பப் பிரிந்து புதிய திசுக்களை உண்டாக்கக்கூடியவை. புதிய வேர் பிறப்பதும் பெரும்பாலும் இந்த அடுக்கை ஒட்டிய பகுதியில்தான்.

வெட்டுப்பட்ட இடத்தைச் செடி முதலில் மூடிக்கொள்கிறது, நம் காயத்தில் பொருக்கு கட்டுவது போல. அப்புறம் அங்கே வெள்ளையாக, சின்னச் சின்ன முண்டுகளாக ஒரு திசு வளரும். அதற்குக் காலஸ் என்று பெயர். நிறைய பேர் இதைப் பார்த்துவிட்டு வேர் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். காலஸ் வேர் இல்லை. காயம் ஆறுகிறது என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான்.

வேர் வரவேண்டும் என்ற செய்தியைக் கொண்டுபோவது ஆக்சின் என்ற ஹார்மோன். தளிரிலும் இளம் இலையிலும் உருவாகி, தண்டு வழியாகக் கீழ்நோக்கி இறங்கும் பொருள் அது. ஃப்ரிட்ஸ் வென்ட் என்ற டச்சு ஆய்வாளர் ஓட்ஸ் முளைகளின் நுனியை வெட்டி அகர் என்ற ஜெல்லிக் கட்டியின் மேல் வைத்தார். நுனியில் இருந்த ஏதோ ஒன்று அந்தக் கட்டிக்குள் இறங்கியது. பிறகு நுனி இல்லாமல் அந்தக் கட்டியே முளையை வளரச் செய்தது. 1928இல் அவர் வெளியிட்ட இந்த ஆய்வுதான் ஆக்சினைத் தனியாகக் காட்டியது. ரோஜாக் குச்சியிலும் ஆக்சின் கீழே இறங்குகிறது. ஆனால் அதற்கு மேல் போக வழியில்லை, வெட்டியாகிவிட்டது. அதனால் வெட்டுவாய்க்குப் பக்கத்தில் தேங்குகிறது. தேங்கிய இடத்தில் உள்ள செல்கள் சில தங்கள் பழைய வேலையை விட்டுவிட்டு வேராக மாறத் தொடங்குகின்றன. நர்சரியில் கிடைக்கும் ரூட்டிங் பவுடரும் இதே வகைதான். அதில் இருக்கும் ஐ.பி.ஏ. என்ற இண்டோல் பியூட்டிரிக் அமிலம் ஆக்சின் குடும்பத்தைச் சேர்ந்தது.

இதற்கெல்லாம் நாள் பிடிக்கும். ரோஜாவுக்குப் பொதுவாக மூன்றிலிருந்து ஆறு வாரம். அந்த நாட்கள் முழுக்க இலைகள் தண்ணீரைக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். வேர் இல்லாததால் போதுமான தண்ணீர் உள்ளே வராது. தண்டில் சேர்த்து வைத்த மாவுச்சத்தும் கரைந்துகொண்டே போகும். வருமானம் நின்றுபோன வீட்டில் கையிருப்பை வைத்துக் காலம் தள்ளுகிற நிலைமை அது. கையிருப்பு தீர்வதற்குள் வேர் வந்துவிட்டால் செடி, வராவிட்டால் விறகு. இனி நான் சொல்லப்போகும் ஒவ்வொன்றும், மூடி வைப்பதிலிருந்து நிழலில் வைப்பது வரை, ஒன்று செலவைக் குறைப்பதற்கு, அல்லது வேரைச் சீக்கிரம் வரவைப்பதற்கு. இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்தக் குறிப்பையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

முருங்கைப் போத்து ஏன் சுலபமாகத் தழைக்கிறது என்பதும் இப்போது புரியும். கை பருமன் கொம்பு, உள்ளே நிறையத் தண்ணீர், நிறையச் சத்து, செலவு செய்ய இலையே இல்லை. கையிருப்பு பலமாக இருக்கிறது. ரோஜாக் காம்பு பென்சில் பருமன் கூட இருக்காது.

பொக்கே ரோஜாவுக்கு ஏன் கஷ்டம்?

சென்னைக்கு நீளக் காம்போடு வரும் ரோஜாக்களில் பெரும்பகுதி ஓசூர், பெங்களூர் பக்கத்துப் பசுமைக்குடில்களிலிருந்து வருபவை. சிவப்பில் தாஜ்மஹால் என்ற ரகம் பிரபலம். அங்கே வெட்டி, தண்ணீரில் நிறுத்தி, குளிர் அறையில் வைத்து, கட்டாகக் கட்டி, வண்டி ஏற்றி, இங்கே கடையில் மறுபடி வாளியில் நிறுத்தி, கடைசியில் மேடையில் ஒரு ராத்திரி. நம் கைக்கு வரும்போது வெட்டிப் பல நாள் ஆகியிருக்கும். அந்த நாட்கள் எல்லாமே கையிருப்பிலிருந்து கழிந்தவை. போதாததற்குப் பூ வேறு விரிந்துகொண்டிருக்கிறது. இருக்கும் சத்தைப் பூ இழுத்துக்கொள்ளும். கட்டும்போது வசதிக்காகக் கீழ் இலைகளையும் உருவிவிடுவார்கள். வேகமாக உருவும்போது கணுவில் இருக்கும் மொட்டும் சேர்ந்து போய்விடும். கணு மொட்டு போன காம்பு வேர் விட்டாலும் மேலே தழைக்க வழியில்லை.

இன்னொரு விஷயம். இந்த ரகங்களைத் தோட்டக்காரர்கள் பெரும்பாலும் வேறொரு முரட்டு ரோஜாவின் வேர்ச்செடியில் மொட்டு கட்டித்தான் வளர்க்கிறார்கள். வேர் ஒருவருடையது, பூ இன்னொருவருடையது. நாம் காம்பை நடும்போது அந்த ரகம் தன் சொந்தக் காலில் நிற்க வேண்டும். சிலவற்றுக்கு அந்தத் தெம்பு குறைவு. கூடவே, கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரின் குளிர்ச்சிக்குப் பழகிய ரகம் பெரம்பூர் மொட்டைமாடியில் அதே அளவு பூ, அதே நீளக் காம்பு கொடுக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. என் மாடியில் நிற்கும் அந்த ஒரு செடியின் பூ, மேடையில் பார்த்ததில் பாதி அளவுதான். நிறம் மட்டும் அப்படியே அதே சிவப்பு.

அப்படியே அதே நிறம் வருவதற்குக் காரணம் உண்டு. விதையிலிருந்து வரும் ரோஜா தாயைப் போல இருக்காது, இரண்டு பெற்றோரின் கலவையாக இருக்கும். குச்சியிலிருந்து வருவது அதே செடியின் தொடர்ச்சி. மணம், நிறம், முள் எல்லாம் அதேதான். ஒருவருடைய நினைவாக ஒரு செடியைத் தொடர வேண்டும் என்றால் குச்சி வைப்பதுதான் வழி.

அதனால் பொக்கே காம்பில் முயற்சி செய்யவே கூடாது என்று சொல்ல மாட்டேன். கிடைத்த அன்றே வையுங்கள், நிறைய வையுங்கள், குறைவாக எதிர்பாருங்கள். ஆனால் முதல்முறை செய்கிறவர்கள் பன்னீர் ரோஜாவிலோ பட்டன் ரோஜாவிலோ ஆரம்பிப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. இரண்டும் குச்சியில் சுலபமாக வேர் விடும். கோயம்பேடு மார்க்கெட்டில் கிலோ கணக்கில் விற்கும் பன்னீர் ரோஜா காம்பில்லாத உதிரிப்பூ, அது உதவாது. வீட்டில் செடி வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள். கவாத்து செய்யும் நாளில் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

எந்தக் குச்சி, எப்போது

பூத்து முடிந்து இதழ் கொட்டிய கிளைதான் சரியான வயது. நுனித் தளிர் ரொம்ப இளசு, அழுகிவிடும். அடிக்கிளை ரொம்ப முற்றல், பட்டை சாம்பல் பூத்திருக்கும், வேர் விடத் தாமதமாகும். நடுவயதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: முள்ளைப் பக்கவாட்டில் கட்டைவிரலால் தள்ளுங்கள். வளைந்து நசுங்கினால் இளசு. டக்கென்று சுத்தமாகக் கழன்று வந்தால் குச்சி தயார்.

சென்னையில் காலம் பார்க்காமல் செய்தால் உழைப்பு வீண். சித்திரையிலும் கத்திரி வெயிலிலும் வைத்த குச்சி எதுவும் எனக்குப் பிழைத்ததில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரம் தாராளம், ஆனால் மண் நாள் முழுக்க ஊறிக்கிடந்து குச்சி கறுத்துவிடும். மழை ஓய்ந்த பிறகு மார்கழியும் தையும்தான் அருமையான நேரம். வெயில் கடுமையாக இருக்காது, ராத்திரி இதமாக இருக்கும், கடற்கரை ஊரானதால் காற்றில் ஈரமும் இருக்கும். மாசி பாதி வரை கூடத் தைரியமாக வைக்கலாம்.

நடுவது

குச்சி ஒரு சாண் நீளம் போதும், அதாவது 15 முதல் 20 சென்டிமீட்டர். அதில் மூன்று அல்லது நான்கு கணு இருக்க வேண்டும். அடிப்பக்கம் கணுவுக்குச் சற்றே கீழே வெட்டுங்கள். கணுவை ஒட்டித்தான் வேர் நன்றாக வரும். மேல்பக்கம் கணுவுக்கு அரை சென்டிமீட்டர் மேலே, சாய்வாக வெட்டுங்கள். சாய்வாக இருந்தால் தண்ணீர் தேங்காது, எது தலை எது கால் என்ற குழப்பமும் வராது. தலைகீழாக நட்ட குச்சி உருப்படாது. கத்தரியோ பிளேடோ நல்ல கூராக இருக்கட்டும். வெட்டும் முன் டெட்டால் அல்லது ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள். மொக்கைக் கத்தரி தண்டை நசுக்கும், நசுங்கிய இடத்தில் பூஞ்சை ஏறும்.

பூவையும் பூமொட்டையும் எடுத்துவிடுங்கள், தயங்க வேண்டாம். கீழ் இலைகளைக் கணு மொட்டு சேதமாகாமல் கத்தரித்து எடுங்கள். உச்சியில் ஒன்று அல்லது இரண்டு இலை இருக்கட்டும். பெரிய இலையாக இருந்தால் ஐந்து சிற்றிலைகளில் நுனியில் இருப்பவற்றை வெட்டிவிடலாம். முழுக்க உருவிவிடக் கூடாது. இலைதான் கொஞ்சமாவது உணவு தயாரிக்கிறது, ஆக்சினுக்கும் அது வேண்டும். நிறைய விட்டால் தண்ணீர் செலவு, எல்லாவற்றையும் எடுத்தால் வரவே கிடையாது.

மண் கலவையில் உரம் வேண்டாம். வேரே இல்லாத குச்சிக்குச் சாணமும் மண்புழு உரமும் எதற்கு? அவை பூஞ்சைக்குத்தான் தீனி. கழுவிய ஆற்று மணல் பாதி, கோகோபீட் என்ற தேங்காய் நார்த்தூள் பாதி. கோகோபீட்டை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துவிடுங்கள், அதில் உப்பு இருக்கும். வீடு கட்டும் இடத்தில் கிடைக்கும் எம்-சாண்டில் நைசான தூள் அதிகம், அது இறுகிவிடும். கடைசியில் ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பாருங்கள். ஒரு சொட்டு இரண்டு சொட்டு கசிந்தால் சரியான ஈரம். தாரையாக ஒழுகினால் அதிகம்.

நான் தொட்டி பயன்படுத்துவதில்லை. இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில் ஒன்றை அடியிலிருந்து முக்கால் சாண் உயரத்தில் சுற்றி வெட்டுகிறேன். அடிப்பாகத்தில் சூட்டுக் கம்பியால் ஆறேழு ஓட்டை போட்டால் தொட்டி. மேல்பாகம் மூடியோடு சேர்ந்து அதற்குத் தொப்பி. ஒளி ஊடுருவும் பாட்டிலாக இருந்தால் வேர் வருவது வெளியிலிருந்தே தெரியும். ஆனால் வேருக்கு வெளிச்சம் பிடிக்காது என்பதால் அடிப்பாகத்தில் செய்தித்தாள் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைப்பேன். பார்க்க வேண்டும் என்றால் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி சுற்றிவிடலாம்.

கலவையில் முதலில் வேறொரு குச்சியால் துளை போடுங்கள். ரோஜாக் குச்சியின் அடியை நனைத்து, ரூட்டிங் பவுடரில் தொட்டு, தட்டி உதறிவிட்டுத் துளைக்குள் இறக்குங்கள். நேராகக் குத்தினால் பவுடரெல்லாம் மேலேயே வழிந்துவிடும். பவுடர் அதிகம் போனால் வேர் அதிகம் வராது, தண்டு கருகும். இரண்டு கணு மண்ணுக்குள், மீதி வெளியே. சுற்றிலும் விரலால் அழுத்தி, தண்ணீர் தெளித்து, தொப்பியைப் போடுங்கள்.

தொப்பிக்குள் காற்று ஈரமாக நிற்பதால் இலை தண்ணீரை இழப்பது வெகுவாகக் குறையும். காலையில் பாட்டிலின் உள்பக்கம் பனித்துளி கோத்திருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். நேர் வெயில் மட்டும் படவே கூடாது. மூடிய பாட்டிலில் பத்து நிமிட வெயில் போதும், உள்ளே இலை வெந்துவிடும். வெளிச்சம் இருக்கும் நிழல், கிழக்குப் பார்த்த பால்கனியின் உள்மூலை, சமையலறை ஜன்னல் ஓரம், இப்படிப்பட்ட இடம் தேடுங்கள். மொட்டைமாடித் தளத்தில் வைத்தால் சூடு அடியிலிருந்து ஏறும். இரண்டு செங்கல் மேல் வையுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊரில் கவனம் தேவை. பல பகுதிகளில் போர் தண்ணீர் உப்பு. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம். வீணாகிறதே என்று அதை ஊற்றிவிடாதீர்கள். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. மெட்ரோ தண்ணீரை ஒருநாள் திறந்த வாளியில் வைத்து ஊற்றலாம்.

தளிரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

முதல்முறை குச்சி வைக்கிறவர்களின் மனம் உடைவது இந்த இடத்தில்தான். எனக்கும் அப்படித்தான் நடந்தது. பத்து நாளில் கணுவிலிருந்து செக்கச்செவேல் என்று ஒரு தளிர் எட்டிப் பார்த்தது. இரண்டு வாரத்தில் நாலு இலை. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். தொப்பியைக் கழற்றி வெயிலில் வைத்தேன். மறுநாள் மாலை தளிர் தலை தொங்கிவிட்டது, அதற்கு மறுநாள் காய்ந்துவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் அடியில் ஒரு வேர்கூட இல்லை.

தண்டில் மிச்சமிருந்த சத்தை வைத்துக்கொண்டு கணு மொட்டு விரிந்திருக்கிறது. மொட்டு விரிவதற்கு வேர் தேவையில்லை. கொஞ்சம் தண்ணீரும் கையிருப்பும் போதும். வெட்டி வாளியில் போட்ட குச்சிகூடத் தளிர்விடும். அதனால் தளிர் வந்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் எதையும் மாற்றாதீர்கள். வேர் வந்ததை உறுதி செய்ய இரண்டு வழிதான். ஒன்று, பாட்டிலின் சுவரில் வெள்ளை நூல் போல வேர் தெரிய வேண்டும். இல்லையென்றால், ஐந்தாவது வாரத்துக்கு அப்புறம் குச்சியை இரண்டு விரலால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். மண் பிடித்து இழுப்பது கைக்குத் தெரியும். தினமும் பிடுங்கிப் பார்ப்பது மட்டும் வேண்டாம். புது வேர் அவ்வளவு மென்மையானது, தொட்டாலே ஒடியும்.

அடியிலிருந்து கறுப்பு ஏறினால் அந்தக் குச்சி போய்விட்டது. உடனே எடுத்துவிடுங்கள், பக்கத்தில் இருப்பதற்கும் பரவும். இலை மஞ்சளாகி உதிர்ந்தாலும் தண்டு பச்சையாக இருந்தால் காத்திருங்கள், சில பிழைக்கும்.

உருளைக்கிழங்கில் குத்தி நடுவது பற்றிப் பலரும் கேட்கிறார்கள். நானும் வைத்துப் பார்த்தேன். நம் ஊர் சூட்டில் கிழங்கு இரண்டு வாரத்தில் அழுகிக் குச்சியையும் சேர்த்து அழுக வைத்தது. கிழங்கில் இருப்பது அதன் முளைக்கான உணவு. அதைக் குச்சி உறிஞ்சிக்கொள்ள வழியில்லை. தேனில் முக்குவதில் கெடுதல் இல்லை, ஆனால் தேன் ஹார்மோன் அல்ல. சமையலுக்குப் போடும் பட்டையின் தூள் பூஞ்சையைக் கொஞ்சம் தடுக்கும். ரூட்டிங் பவுடர் கிடைக்காதபோது அதைத் தொட்டு வைப்பேன். தண்ணீர் டம்ளரில் போட்டு வைப்பது மணி பிளாண்டுக்குச் சரி. ரோஜாவுக்குத் தேங்கிய தண்ணீரில் காற்று போதாது, பெரும்பாலும் அடி கொழகொழத்துவிடும்.

வேர் வந்த பிறகு

வேர் தெரிந்ததும் பாட்டில் தொப்பியின் மூடியை மட்டும் திறந்து வையுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து மாலை நேரத்தில் தொப்பியை ஒரு மணி நேரம் எடுங்கள், அடுத்த நாள் இரண்டு மணி நேரம். ஒரு வாரம், பத்து நாள் இப்படிப் பழக்கிவிட்டு முழுக்க எடுக்கலாம். ஈரக் காற்றிலேயே வளர்ந்த இலைக்கு வெளிக்காற்று புதிது. ரிசப்ஷன் காம்புகளில் வேர் விட்ட மூன்றில் இரண்டை நான் இழந்தது இந்த இடத்தில் அவசரப்பட்டதால்தான்.

வேர்கள் கலவையைச் சுற்றிப் பிடித்த பிறகு, கிட்டத்தட்ட இரண்டு மாதத்தில், எட்டு அங்குலத் தொட்டிக்கு மாற்றலாம். செம்மண், மணல், மண்புழு உரம் சம அளவு, அதில் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. மாற்றுவதை மாலையில் செய்யுங்கள். மண்கட்டி உடையாமல் பாட்டிலை ஒரு பக்கமாகக் கத்தரியால் பிளந்து எடுங்கள். ஒரு வாரம் நிழல், அப்புறம் காலை வெயில், அதற்கப்புறம்தான் அரைநாள் வெயில். தையில் வைத்த குச்சி தொட்டிக்குப் போகும்போது பங்குனி வந்துவிடும். அதனால் முதல் கோடை முழுக்க மதிய வெயிலுக்குப் பச்சை வலை கட்டியாக வேண்டும்.

முதல் மொட்டு சீக்கிரமே வந்துவிடும், செடி ஒரு சாண் உயரம்கூட இருக்காது. அதைக் கிள்ளிவிடச் சொன்னால் யாருக்கும் மனசு வராது. எனக்கும் வரவில்லை, பெரியம்மாதான் கிள்ளினார். இரண்டாவதையும் அவரே கிள்ளினார். அந்தச் சத்து வேருக்கும் கிளைக்கும் போனது. ஆடி கடைசியில் மூன்று கிளையோடு நின்ற செடியில் மூன்றாவது மொட்டு வந்தபோது, "இதை விட்டுடு" என்றார். விரிந்ததும் பறித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார்.